ஜீனாவின் தீனிப்பை

சுட்டது ஜீனாவை.

விழும்போதே ஒத்தாவியோவுக்குத் தெரிந்துவிட்டது. காட்டுப்புறாவின் காலில் தோல்வார் இருக்காது. ஜீனாவின் காலில் இருந்தது. காட்டுப்புறாக் கூட்டத்தை ஏமாற்றி இறக்குவதற்காகக் கிளையில் கட்டிவைக்கும் பார்வைப்புறா அவள். ஏழு வருஷமாக வேட்டைக்கூட்டத்தின் பெரியவர் ஃபோஸ்கோ தன் கையாலேயே மக்காச்சோளம் ஊட்டி வளர்த்தவள். பெண்டாட்டியைக்கூட அவர் அப்படிக் கவனித்ததில்லை.

ஓக் மர உச்சியில் பலகைக் குடில். அதில் நாலே இடம். அக்டோபரில் அந்த உம்பிரியா மலையில் ஆம்பளை என்றால் அந்த நாலு பேர்தான். பார்வைப்புறாவைச் சுட்டவன் இடத்தைக் காலி பண்ண வேண்டும், அது குடிலின் சட்டம். ஒத்தாவியோ பதினோரு வருஷம் காத்திருந்து இடம் பிடித்தவன். அதுவும் மாமனார் செத்ததால் கிடைத்தது. குடிலைக் கட்டியதே மாமனார்தான். மகள் ஸெலிந்தா அப்பா இடம் எனக்குத்தான் என்று கேட்டாள். பொம்பளைக்கு ஏணி ஏற வராது என்று சொல்லி, புருஷன் வாங்கிக்கொண்டான்.

நல்லவேளையாக மற்ற மூன்று பேரும் ஓடைக்கரையில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒத்தாவியோ சரசரவென்று இறங்கி, வாரை அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் ஜீனாவைப் பைக்குள் திணித்தான். ஓடிவந்த ஃபோஸ்கோவிடம், காட்டுப்புறா ஒன்று விழுந்தது, வெடிச்சத்தத்தில் ஜீனா கயிற்றை அறுத்துக்கொண்டு கூட்டத்தோடு போய்விட்டாள் என்றான். ஃபோஸ்கோ மூக்கைச் சிந்தினார். பிறகு வழக்கத்தை ஞாபகப்படுத்தினார். பருவத்தின் முதல் புறாவை அடித்தவன் வீட்டில்தான் ஞாயிற்றுக்கிழமை விருந்து. அதற்குள் இன்னும் எட்டு அடித்துவிடுவேன் என்று ஒத்தாவியோவின் வாய் சொல்லிவிட்டது.

வீட்டில் ஸெலிந்தா பையைத் திறந்தாள்.

“கால்ல வார் கட்டிக்கிட்டு எந்தக் காட்டுப்புறாய்யா சுத்துது?”

அவன் எல்லாவற்றையும் ஒப்பித்தான். அவள் சிரிக்கவில்லை. அதுவே பயமாக இருந்தது.

“மலைக்குப் போகாத. இந்த அடுப்படி ஜன்னல்ல உக்காரு. தினம் ஒரு கூட்டம் வந்து என் கோசைத் தின்னுது. சுடு.”

“ஜன்னல்ல உக்காந்து சுட நான் என்ன சமையக்காரனா? மலைல விழுந்தாத்தான்டி அது புறா.”

“அப்ப என் கோசைத் தின்றது என்ன, எருமையா?”

பார்வைப்புறா இல்லாமல் வீண் என்று மற்றவர்கள் வரவில்லை. மூன்று நாள் தனியாக மரத்தில் தவம் கிடந்தான். ஜீனா இல்லாத மரத்தில் ஒரு கூட்டமும் இறங்கவில்லை. ஒரு இறகு கிடைத்தது, அதுவும் காக்கை இறகு. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கொக்கியில் எட்டுப் புறா தொங்குகிறது. ஜன்னலில் அவள் அப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி. ஸெலிந்தா பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

எட்டையும் நான் அடித்ததாகச் சொல் என்று காலில் விழாத குறையாகக் கேட்டான். உடனே சரி என்றாள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். புருஷன்தானே, படவில்லை. புறாக்கள் தின்ற இரை தங்கியிருக்கும் கழுத்துத் தீனிப்பைகளைப் புதைத்துவிடு என்றான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது புறாவும் கம்பியில் சுழன்றன. சொட்டிய கொழுப்போடு ஈரல், ஒயின், ஆலிவ் எல்லாம் சேர்ந்து குழம்பானது. கூடவே அவள் தோட்டத்துக் கோசு, கேரட், பீன்ஸ். மூன்று விருந்தாளிகளும் எலும்பைக்கூடச் சப்பாமல் விடவில்லை. ஒத்தாவியோ காற்று எந்தப் பக்கம் அடித்தது, கூட்டம் எப்படித் திரும்பியது என்று ஒவ்வொரு புறாவுக்கும் ஒரு கதை விட்டான்.

விரலை நக்கிவிட்டு ஃபோஸ்கோ தீனிப்பைகளைக் கேட்டார். புறா எந்தக் காட்டில் மேய்கிறது என்று அதை வெட்டிப் பார்த்துத்தான் வேட்டைக்காரன் அடுத்த நாளை முடிவுபண்ணுவான். தூக்கிப் போட்டாச்சு என்று ஒத்தாவியோ சொல்லி முடிப்பதற்குள் ஸெலிந்தா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

முதல் பையில் ஓக் கொட்டை இருந்திருக்க வேண்டும். கோசு இருந்தது. இரண்டாவதில் கோசு. எட்டிலும் கோசு.

“மலை உச்சில எவன்டா கோசு போட்டான்?”

ஒன்பதாவதில் மக்காச்சோளம். ஃபோஸ்கோ அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் தட்டில் கிடந்த எலும்பைப் பார்த்தார்.

“ஜீனா,” என்றார்.

“ருசியா இருந்தாளாண்ணே?” என்று கேட்டாள் ஸெலிந்தா.

“இருந்தா,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த எட்டை அடித்தது யார் என்று அவர் கேட்கவே இல்லை. ஜன்னலில் சாய்ந்திருந்த துப்பாக்கியைப் பார்த்தார். ஏணி ஏறுவியா தங்கச்சி என்று மட்டும் கேட்டார்.

“எங்கப்பா குடில் கட்டினப்ப மேல நின்னு ஆணி எடுத்துக் குடுத்ததே நான்தாண்ணே.”

திங்கட்கிழமை விடிந்ததும் அவள் மலைக்குக் கிளம்பினாள். குடிலுக்குப் புதிதாக வருகிறவர்தான் அடுத்த பார்வைப்புறாவை வளர்க்க வேண்டும். அதனால் ஃபோஸ்கோ கொடுத்த குஞ்சுப்புறாவை, ஆள் பழகட்டும் என்று காலில் வார் போட்டுக் கோசுப் பாத்தி ஓரத்தில் கட்டியிருந்தாள். தன் சமையல் ஏப்ரனை ஒத்தாவியோவின் இடுப்பில் கட்டிவிட்டாள்.

“பீன்ஸை ஊறப்போடு. கோசுல புறா வந்தா சுடு. சுடறதுக்கு முன்னாடி கால்ல வார் இருக்கான்னு பாரு.”

ஒத்தாவியோ பீன்ஸை ஊறப்போட்டான். ஜன்னலில் உட்கார்ந்தான். கோசுக்குப் பக்கத்தில் ஒரு புறா நின்றது. சுட்டான். காலைத்தான் பார்க்கவில்லை.