மைனஸ் சாரும் பாய் வீட்டுத் தாழ்ப்பாளும்

“…மாடு கிடையாது, கன்னு கிடையாது, ஒரு ஆட்டுக்குட்டி கூடக் கிடையாது. பொறவு மைனஸ் சாரு கொட்டகைக்கு வாராவாரம் சினை ஊசிக்காரர் எதுக்கு வாராரு? அத மட்டும் சொல்லும்” என்று என் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று கேட்டார் மைதீன் பாய்.

எனக்கென்ன தெரியும்? தென்காசியில் மைனஸ் சாரைப் போல் சந்தேகப்பட்ட ஆளும் இல்லை. ஊரே சந்தேகப்பட்ட ஆளும் அவரைத் தவிர வேறில்லை.

குற்றாலம் ரோட்டில் பாயின் பழைய கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, உள்ளே உலோகம் உருக்கும் உலை கட்டிக் குடியிருந்தார். “மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறு டிகிரியில…” என்றுதான் பேச்சையே தொடங்குவார். பெயர் அப்படி வந்தது. எந்த உலோகத்தையும் நம்ப மாட்டார். பஸ் படியைத் தட்டிப் பார்த்துத்தான் ஏறுவார். ஐந்தருவியில் பிடிமானச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக இழுத்துப் பார்த்து நின்றபோது, “அண்ணாச்சி, குளிக்க வந்தீரா, சங்கிலிய விலைக்குக் கேக்க வந்தீரா?” என்று பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் அசையவில்லை.

கொட்டகைக் கதவுக்கு அடியில் வெள்ளைப் புகை தவழ்ந்து வரும். டீக்கடையில் ஒருவர் வெடிகுண்டு என்றார். இன்னொருவர் கள்ளத் தங்கம் என்றார். மூன்றாமவர், “உள்ள காளைக்கன்னு வளக்காரு” என்றார்.

பாய் முடிவெடுத்துவிட்டார். “வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணிருங்க சார்.”

காலி செய்வதென்றால் இரண்டு வருடம் பாடுபட்டுக் கட்டிய உலையை உடைக்க வேண்டும். மைனஸ் சார் புகையும் பாத்திரத்தைத் தூக்கித் தெருவுக்கே கொண்டு வந்தார்.

“ஊசி மருந்து கெடாம இருக்க சினை ஊசிக்காரரு வச்சிருக்கது திரவ நைட்ரஜன், பாய். மிச்சத்த எனக்குத் தாராரு. இந்தக் குளிர்ல இரும்பு கண்ணாடி மாதிரி உடைஞ்சிரும். அலுமினியம் வளையும், ஆனா வலு பத்தாது. அதான் அலுமினியத்துக்குள்ள நிக்கல் எஃகுக் கம்பிய இழையிழையா வச்சு அழுத்தி, இந்தக் குளிர்லயும் உடையாத பட்டை செய்யுதேன். மாமியாரையும் மருமகளையும் ஒரே வீட்டுல குடிவைக்க மாதிரி.”

“வாயால வடை சுடாதீங்க” என்றார் பாய்.

உடைத்துக் காட்ட சார் நீட்டிய இரும்புக் கம்பியை அவர் தொடவில்லை. அதில் ஏதாவது தந்திரம் இருக்கும் என்று, வீட்டுக்குப் போய் சொந்தக் கேட்டின் தாழ்ப்பாளைத் திருகிக் கழற்றிக்கொண்டு வந்தார். அதைப் போட்டதும் பாத்திரத்துக்குள் திரவம் கொதித்து அடங்கியது. சார் அதை எடுத்துக் கல்லில் வைத்துச் சுத்தியலால் ஒரே போடு. இரண்டு துண்டு.

“இத்தன வருசம் ஒரு கள்ளன உள்ள விட்டதில்ல வே” என்று பாய் என்னிடம் முனகினார்.

அடுத்து சாரின் பட்டை. அதே குளிர், அதே அடி. வளைந்ததே தவிர உடையவில்லை. கூட்டத்தில் கைதட்டல் கூடக் கேட்டது. பாய் மட்டும் பாத்திரத்தைச் சுற்றிவந்து, தந்திரம் ஏதும் உண்டா என்று அதன் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்தார்.

சார் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். அவரோ பூதக்கண்ணாடியை எடுத்து வளைவைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இது தோத்துட்டு, பாய். கம்பியும் அலுமினியமும் ஒட்டுத இடத்துல மயிரிழை விரிசல் இருக்கு.”

“சும்மா இரும் சார், கொட்டகை போயிரும்” என்று காதில் சொன்னேன்.

“போனா போவட்டும். விரிசல் இருக்குல்லா?”

பாய் சாருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். “ஏமாத்த வந்தவன் தன் தலையில தானே மண்ணள்ளிப் போடுவானா? காலி பண்ணாண்டாம் சார். அடுத்ததச் செய்ங்க.”

சாருக்கு அது காதில் விழவே இல்லை. சாரல் தொடங்கியிருந்தது. துளிகள் பட்டையில் விழுந்த வேகத்தில் வெள்ளையாக உறைந்து விரிசலை மறைக்க, அவர் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். இரண்டு கையாலும் விரித்து, அந்தப் பட்டைக்கும் அதன்மேல் கவிழ்ந்திருந்த தலைக்கும் மேலே பிடித்தபடி, தான் நனைந்துகொண்டு நின்றார்.