தங்கக் காடைத் துப்பாக்கி

"இது துப்பாக்கியா, கல்யாணப் பொண்ணா?"

"முதல்ல கையில எடுத்துப் பாரு எர்சீலியா, அப்புறம் பேசு."

"எடுத்துப் பாத்தாச்சு. ஃபிரிட்ஜ் கதவு கயித்துல கட்டித் தொங்குது, அதைச் சரி பண்ண உனக்கு..."

"பாதி விலை! அதைத்தானே சொல்ல வர்றேன், பாதி விலைக்கு..."

"பாதி விலைக்கு யாருய்யா குடுத்தா?"

"எங்க வேட்டைக் குழுத் தலைவர் கொர்ராதோ."

எர்சீலியா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு கணவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கொர்ராதோவா? கோயில்ல காணிக்கைத் தட்டு வரும்போதெல்லாம் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவானே, அந்தக் கொர்ராதோ உனக்குப் பாதி விலைக்குக் குடுத்தானா?"

"மனுஷன் மாறக்கூடாதா? தங்கச்சி பேத்தியோட ஞானஸ்நானத்துக்கு நான் பன்னிக்கறி வெச்சேன்ல, அதை அப்படி ரசிச்சுச் சாப்பிட்டார். தட்டை ரொட்டியால துடைச்சுத் துடைச்சுத் தின்னார். மறுநாளே வீடு தேடி வந்து, 'ஃபோஸ்கோ, உன் மாதிரி ஆளு கையில இருக்க வேண்டிய பொருள் இது'ன்னு குடுத்துட்டுப் போனார். நன்றி உள்ள மனுஷன்."

எர்சீலியா துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மனத்துக்குள் அவளும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது: அழகான பொருள்தான். பளபளவென்று மெருகேற்றிய வால்நட் கட்டை. இரண்டு பக்கமும் வெள்ளித் தகடு, அதில் ஓக் இலைகள், இலைகளுக்கு மேலே தங்கத்தில் பறக்கும் இரண்டு காடைகள். கட்டையின் அடியில், சொந்தக்காரர் பெயர் பொறிக்க ஒரு சின்னத் தகடு. அது மட்டும் பழைய காசு மாதிரி தேய்ந்து மெலிந்திருந்தது.

"இதை யாரோ அராவி அராவி எடுத்திருக்காங்களே?"

"என் பேரைப் போட இடம் விட்டிருக்காங்க" என்றான் ஃபோஸ்கோ.

ஃபோஸ்கோ பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். வால்தோர்பா ஊர் வேட்டைக் குழுவில் அவனுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. பன்றிகள் அதிகம் வரும் சுனை மேட்டில் நிற்கும் உரிமை எல்லாம் அவனுக்கு வேண்டாம். இருக்கிற இடத்தைக் காப்பாற்றிக்கொண்டால் போதும். ஏனென்றால் குழுவின் சட்டம் கடுமையானது. ஞாயிற்றுக்கிழமை வேட்டையில் காட்டுப்பன்றியைச் சுட்டுத் தவறவிட்டவன் கழுத்தில் வாணலியை மாட்டிவிடுவார்கள். அன்றைய மதியச் சமையல் அவன் பொறுப்பு. பல பேர் தவறவிட்டால், யாருடைய குண்டு ரொம்ப விலகிப் போனது என்று மரத்துக்கு மரம் தேடி அளப்பார்கள். சீசன் முழுக்க ஒரு பன்றியைக்கூட வீழ்த்தாதவனுக்கு அடுத்த வருஷம் காட்டில் இடமே கிடையாது. நேராகக் குழு கூடிச் சாப்பிடும் குடிசையின் அடுப்படிதான், நிரந்தரமாக. குவால்தியேரோ என்று ஒருவர் அப்படித்தான் வருஷக்கணக்கில் அடுப்படியில் இருந்தார். பிறகு லிவோர்னோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் வாணலி ஆளாளுக்குச் சுற்றியது, வாயில் வைக்க முடியாத சமையலில் குழுவில் எல்லோருக்கும் கால்சட்டை தளர்ந்தது.

"அடுப்படிக்குப் போறதுக்கு நான் ஆள் இல்ல. சமையல் எனக்குச் சும்மா கை வந்தது. வேட்டைதான் என் உசுரு" என்பான் ஃபோஸ்கோ.

முதல் ஞாயிறு. நல்ல வெயில். கஷ்கொட்டைத் தோப்பிலிருந்து ஒரு பன்றி நிதானமாக வெளியே வந்தது. ஃபோஸ்கோ துப்பாக்கியைத் தூக்கினான். வெள்ளித் தகட்டில் பட்ட வெயில் பன்றியின் கண்ணில் நேராகப் போய் அடித்தது. பன்றி ஒரு கணம் ரசித்தது போல நின்றுவிட்டு வந்த வழியே திரும்பியது. ஃபோஸ்கோ சுட்ட குண்டு ஊர்ப்பெயர்ப் பலகையைத் துளைத்தது.

"பலகைக்கும் நீ நின்ன இடத்துக்கும் சம்பந்தமே இல்லையே, எப்படிய்யா?" என்று கேட்டான் டுயிலியோ. ஊரில் செருப்புக்கடை வைத்திருப்பவன்.

ஃபோஸ்கோ தலையைக் குனிந்து வாணலியை வாங்கிக்கொண்டான். கேலி செய்வார்கள் என்று எதிர்பார்த்தான். யாரும் செய்யவில்லை. எல்லோரும் குடிசைக்குப் போகும் வழியில் வேகமாக நடந்தார்கள். அன்று ஃபோஸ்கோ சமைத்தது சிவப்பு ஒயினில் ஊறிய கறி, வாசனைக்கு ஜுனிப்பர் விதை, அகல நாடாப் பாஸ்தா. கொர்ராதோ தலைவர் என்பதால் முதல் தட்டும் அவருக்கு, கடைசித் தட்டும் அவருக்கு.

"தலைவரே, துப்பாக்கியில ஏதோ கோளாறு."

"துப்பாக்கியிலயா? சேச்சே. உயர்ந்த பொருளுக்குக் கை பழகணும், ஃபோஸ்கோ. அவசரப்படாதே." வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "அடுத்த வாரம் கறிக்குப் போட ரோஸ்மேரித் தழை நான் கொண்டு வர்றேன்."

மினுக்கத்தைப் போக்க வேண்டும் என்று ஃபோஸ்கோ தகடு முழுக்க மெழுகுவர்த்திப் புகையைப் பிடித்தான். மறு ஞாயிறு கரி கன்னத்தில் ஏறியது, கையில் ஏறியது, வியர்வையோடு கட்டையில் இறங்கியது. மெருகேற்றிய கட்டையும் கரியும் சேர்ந்ததில் துப்பாக்கி சோப்பு மாதிரி வழுக்கியது. சுடும்போது எகிறிய எகிறலில் தோள்பட்டை வீங்கிப்போனது. பன்றி போயே போய்விட்டது.

"புகைபோக்கி துடைக்கப் போனியா, வேட்டைக்குப் போனியா?" என்றாள் எர்சீலியா, அவன் சட்டையைக் கழற்ற உதவிக்கொண்டே. "ஐயோ, தோள் கத்தரிக்கா மாதிரி இருக்கே!"

"அழகுக்காக ரொம்ப மெலிசாப் பண்ணிட்டாங்க. கனம் இல்லாததால எகிறுது."

"இடுப்பு மெலிசா இருந்தா எகிறத்தான் செய்யும். நான் எகிறுறேனா?"

தோளுக்கு மெத்தை வைத்தால் சரியாகும் என்று அவன் சோபாத் தலையணையை வேட்டைச் சட்டைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டான். தோள் பிழைத்தது. ஆனால் தலையணை துப்பாக்கியை முன்னே தள்ளியதில் குழாய் வானத்தைப் பார்த்தது. குண்டு மேலே போய் ஒரு கிளையை உலுக்க, முள்ளோடு கஷ்கொட்டைகள் அவன் தலையில் பொழிந்தன. அவற்றையும் பொறுக்கிக் கறியில் போட்டுச் சமைத்தான்.

"கஷ்கொட்டை போட்டது அபாரம்" என்றான் டுயிலியோ, கண்ணை மூடி. "குறி தப்பினாலும் உனக்குப் பிரயோஜனமாத்தான் தப்புது."

"நான் ஒரு பன்னியாவது விழுத்தாட்டி அடுத்த வருஷம் என் கதி என்ன ஆகும்னு தெரியுமா, டுயிலியோ?"

"தெரியும், தெரியும்" என்றான் டுயிலியோ. "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து."

விசையும் ரொம்ப இறுக்கமாக இருந்தது. இழுப்பதற்குள் பன்றி பக்கத்து ஊருக்குப் போய்விடும். ஃபோஸ்கோ டவுனுக்குப் போய்த் துப்பாக்கி பழுது பார்க்கும் நெவியோவின் மேசையில் உறையைத் திறந்து வைத்தான்.

"அட, இவளா!" என்றார் நெவியோ.

"தெரியுமா இவளை?"

நெவியோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். "இந்த மாதிரி அழகிங்க நிறைய வரும், போகும். என்ன செய்யணும்?"

"விசையைக் கொஞ்சம் இளக்கிக் குடுங்க."

"இளக்கித் தர்றேன். சட்டம் எவ்வளவு விடுதோ அவ்வளவு. ஆனா ஒண்ணு சொல்றேன், இவ கூட வாழறது கஷ்டம். சுவத்துல மாட்டி வெச்சுப் பாத்தா, சாகுற வரைக்கும் சந்தோஷமா இருக்கலாம்."

அந்த ஞாயிறு பனி அதிகம். தன் இடத்தில் நின்ற ஃபோஸ்கோவுக்குத் தும்மல் வந்தது. அவன் தும்மினான். துப்பாக்கியும் தும்மியது. பன்றி எதுவும் அந்தப் பக்கமே வந்திருக்கவில்லை. நல்ல வேளையாக மனிதரும் வந்திருக்கவில்லை. எதிர்ச்சரிவில் ஓடைக்குப் பக்கத்துக் கிளையில், குளிரட்டும் என்று கொர்ராதோ கட்டித் தொங்கவிட்டிருந்த ஒயின் குடுவை மட்டும் சிதறியது.

அந்தச் சீசனில் அதுவரை கொர்ராதோ உண்மையாக வருத்தப்பட்டது அன்றைக்குத்தான்.

"தலைவரே, இதை நீங்களே திருப்பி எடுத்துக்கிடுங்க. காசுகூட வேண்டாம்."

"என்ன பேச்சு பேசுறே! குடுத்ததைத் திருப்பி வாங்குற பழக்கம் எங்க வீட்லயே கிடையாது." உடைந்த கண்ணாடியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "கடைசி ஞாயிறு ஒண்ணு பாக்கி இருக்குல்ல? நம்பிக்கையை விடாதே. ஆமா, அன்னிக்கு முயல் கிடைச்சா ஆலிவ் போட்டுச் செய்வியா, போடாமச் செய்வியா?"

வீட்டுக்கு வந்த ஃபோஸ்கோ சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். எர்சீலியாவுக்கு அவன் பேசாமல் இருந்தால் தாங்காது. சண்டை போட ஆள் வேண்டும்.

"என்ன, அழுறியா?"

"அடுத்த வருஷம் எல்லாரும் மலையேறுவாங்க. நான் குடிசையில உக்காந்து வெங்காயம் உரிப்பேன். அப்ப அழுறேன், இப்ப எதுக்கு?"

அவள் உள்ளே போய்ப் பூட்டியிருந்த அலமாரியைத் திறந்து, கம்பளியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அவள் அப்பாவின் துப்பாக்கி. கறுத்த இரும்பு. வெடித்த கட்டையில் கம்பி சுற்றியிருந்தது. படம் இல்லை, பூ இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"எவ்வளவு அசிங்கமா இருக்கு!" என்றான் ஃபோஸ்கோ.

"எங்க அப்பாவும் அப்படித்தான் இருந்தார். சொன்ன சொல் தவற மாட்டார். இதை எடுத்துக்கிட்டுப் போ. அந்தச் சிங்காரியை எவன் தலையிலயாவது கட்டிட்டு எனக்கு ஃபிரிட்ஜ் வாங்கிக் குடு."

கடைசி ஞாயிறு. கேலி செய்வார்கள் என்று கூச்சப்பட்டு உறையை மாற்றாமல், தங்கக் காடையின் தோல் உறைக்குள்ளேயே மாமனாரின் துப்பாக்கியை வைத்துக்கொண்டு போனான். தன் இடத்துக்கு வந்தபிறகுதான் வெளியே எடுத்தான். அர்ஜேயோவின் நாய்கள் தொலைவில் குரைத்தன. அர்ஜேயோ நாய்களை நடத்துபவன்; நாய்களோடு தவிர யாரோடும் பேச மாட்டான், மனிதர் பேசினால் தலையை மட்டும் ஆட்டுவான். குரைப்பு நெருங்கியது. புதர் விலகியது. இந்தச் சீசனில் இதுவரை யாரும் பார்க்காத பெரிய பன்றி ஃபோஸ்கோவுக்கு எதிரே வந்து நின்றது.

சுட்டான். விழுந்தது. அவ்வளவுதான்.

ஃபோஸ்கோ கொம்பு ஊதினான். மூச்சு இருந்தவரை ஊதினான். ஓடி வருவார்கள், தோளைத் தட்டுவார்கள் என்று காத்திருந்தான். அவர்கள் நடந்து வந்தார்கள். கொர்ராதோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"செத்துடுச்சா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஒரே குண்டு தலைவரே!"

"நிச்சயமா நீதான் சுட்டியா? பக்கத்துல வேற யாரும்..."

"வேற யாரு? நான்தான்!"

கொர்ராதோவின் கண் கம்பி சுற்றிய கட்டையில் போய் நின்றது. "இது என்னது? எங்கே நம்ம... எங்கே உன் துப்பாக்கி?"

"வீட்ல இருக்கு. இது மாமனாரோடது."

யாரோ பெருமூச்சு விட்டார்கள். அன்று குறி தவறியது டுயிலியோ ஒருவன்தான். வாணலியை அவன் கழுத்தில் மாட்டும்போது யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

குடிசையில் டுயிலியோ சோள மாவுக் களி கிளறினான். தட்டைக் கவிழ்த்தாலும் விழாத களி. அதன் மேல் ஊற்றிய குழம்பு, வழி தெரியாமல் ஓரத்திலேயே நின்றது. ஃபோஸ்கோ ஒருவன்தான் ஆனந்தமாகச் சாப்பிட்டான். கொர்ராதோ எழுந்து, இரங்கல் கூட்டத்தில் பேசுவது போலத் தொண்டையைக் கனைத்தார்.

"ஃபோஸ்கோவுக்கு அடுத்த வருஷமும் காட்டுல இடம் உண்டு. சட்டம்னா சட்டம்."

உட்கார்ந்துவிட்டார். டுயிலியோ மட்டும் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "உப்பு போதுமா?" என்று கேட்டான்.

"எல்லாரும் ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?" என்றான் ஃபோஸ்கோ. "இன்னொரு நல்ல சேதி சொல்றேன் கேளுங்க. அந்தத் தங்கக் காடை இருக்கே, அதை வாங்க ஆள் கிடைச்சாச்சு. ஃப்ளோரன்ஸ்ல ஒரு பல் டாக்டர். ஆஸ்பத்திரிச் சுவத்துல மாட்டப் போறாராம். நாளைக்கு வந்து எடுத்துக்கிட்டுப் போறார்."

கரண்டிகள் எல்லாம் ஒன்றாக நின்றன. கொர்ராதோ மேசையையே பார்த்தார். அப்போது, அடுப்போரம் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்த அர்ஜேயோ தலையைத் தூக்கினான்.

"வெளியாளுக்கு வித்துடாதே, ஃபோஸ்கோ. குவால்தியேரோ ஊரை விட்டுப் போனப்புறம், அதை யார் கையில குடுக்கறதுன்னு நல்லாச் சமைக்கிற ஒருத்தனைத் தேடிக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு."