நாற்பது கேஸ் குதிகால் க்ரீம்

எங்கள் வம்சத்திலேயே போலீஸ் விசாரணைக்கு ஆளான ஒரே ஆள் நான்தான். அதுவும் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, நெஞ்சில் பெயர்ப்பட்டை குத்திக்கொண்டு. திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தைத் தப்பாக அழுத்தினேன், அவ்வளவுதான்.

டி.ஃபார்ம் முடித்த கையோடு சிவகாசியில் வேலை கிடைத்தது. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் மருந்துக்கடைக் கம்பெனி. பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற என் அம்மா, "எம்மக ஏசியில உக்காந்து வேல பாக்கா" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். (உட்காரவெல்லாம் விடமாட்டார்கள், பத்து மணி நேரமும் நிற்க வேண்டும். நான் திருத்தவில்லை.) கடைக்குள் யார் வந்தாலும் வணக்கம் சொல்லி போன் நம்பர் கேட்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. முதல் வாரம் கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரிடமே நம்பர் வாங்கிவிட்டேன். விஸ்வநத்தத்துப் பெரியவர் ஒருவர், "தலவலி மாத்திர கேட்டா நம்பர் கேக்கீக, ஊரு கேக்கீக, எங்கூட்ல பொண்ணு எடுக்கப் போறீகளா?" என்றார். கிளை மேனேஜர் காதர் அண்ணன் சிரித்த சிரிப்பில் பில் மெஷின் நின்றது.

ஆறு மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். ஐந்து மாதம் ஓட்டியிருந்தேன். கம்ப்யூட்டரை நான்தான் கண்டுபிடித்தேன் என்கிற நினைப்பு அப்போது எனக்கு.

தீபாவளி சீசன் தொடங்கிய நேரம், பித்தவெடிப்புக்குப் போடும் குதிகால் க்ரீம் தீர்ந்துபோனது. "நாப்பது டியூப் ஆர்டர் போட்ரு தாயி" என்றார் காதர் அண்ணன். நாற்பது என்று அடித்தேன். பக்கத்துக் கட்டத்தில் டியூபா, பாக்ஸா, கேஸா என்று கேட்டது. பிறந்ததிலிருந்து வீட்டில் பட்டாசுப் பெட்டிக் கணக்காக "இன்னைக்கு எத்தன கேஸு போச்சு?" என்பதையே கேட்டு வளர்ந்தவளின் விரல் வேறெங்கே போகும்? கேஸை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். ஒரு கேஸுக்கு நூறு டியூப்.

இரண்டாம் நாள் லாரி வந்தது. இறக்கினார்கள், இறக்கினார்கள், இறக்கிக்கொண்டே இருந்தார்கள். பிரஷர் பார்க்கும் நாற்காலி பெட்டிகளுக்குப் பின்னால் காணாமல் போனது. காதர் அண்ணன் ஒருக்களித்துத்தான் கல்லாவுக்குப் போக முடிந்தது. மதுரையிலிருக்கும் ஏரியா மேனேஜர் வீடியோ காலில் கடையைப் பார்த்தார்.

"இந்த ஐட்டம் ரிட்டன் கிடையாதும்மா. சனிக்கிழமை நேர்ல வர்றேன். அதுக்குள்ள பாதியாவது போகணும். இல்லேன்னா நிரந்தர ஆர்டரை மறந்துரு."

மூன்று நாள் இருந்தது. இருமலுக்கு வந்தவரிடமும், குழந்தைக்கு சொட்டு மருந்து வாங்க வந்தவரிடமும் குதிகாலை விசாரித்தேன். முதல் இரண்டு நாளில் விற்றது ஏழு டியூப். அதில் மூன்று காதர் அண்ணன் தன் வீட்டுக்கு வாங்கியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் ஜீப் வந்து நின்றது. எஸ்.ஐ. இறங்கினார். பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள், ஆளுக்கொரு மணல் வாளியோடு.

"லைசென்ஸ் இல்லாம பட்டாசு பதுக்கி வச்சிருக்கீங்கன்னு தகவல் வந்திருக்கு."

தகவல் கொடுத்த புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியாது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. சீசன் நேரத்தில், எங்கள் ஊரில், ஒரு சின்னக் கடைக்குள் கூரை முட்ட அட்டைப்பெட்டி இருந்தால் யாருக்கும் குதிகால் ஞாபகம் வராது. முந்தின நாளே இரண்டு பேர் கம்பி மத்தாப்பு கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"க்ரீம் சார்" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க. வெளிய எடுங்க."

நாற்பது பெட்டியும் ரோட்டோரம் வந்தது. கூட்டம் சேர்ந்தது. எங்கள் ஊர்க் கூட்டம், எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. போலீஸ்காரர் ஒரு பெட்டிமேல் தண்ணீர் தெளித்து, மூச்சை அடக்கி, மெதுவாகப் பிரித்தார். ரோஸ் நிறத்தில் ஒரு டியூப் வந்தது. அதில் ஒரு பாதத்தின் படம்.

"நாப்பதும் இதேதானா?" என்றார் எஸ்.ஐ.

"ஆமா சார்."

"எதுக்கும்மா?"

நான் டீ குடிக்கப் போன கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் கம்பெனி வேன் அந்தப் பக்கம் வந்தது. மகளின் கடை வாசலில் போலீஸ் என்றதும் வேனை நிறுத்தச் சொல்லி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "எம்மக சார் அது! மருந்துக்குப் படிச்ச புள்ள!" என்று ஊருக்கே கேட்க ஒரு சத்தம். பூமி பிளக்காதா என்று பார்த்தேன். பிளக்கவில்லை. "இத்தனை க்ரீம் எதுக்கும்மா?" என்று எஸ்.ஐ. அவளிடமும் கேட்டார். அம்மா டியூபில் இருந்த படத்தைப் பார்த்தாள். வெளியே வந்துவிட்ட பிரஷர் நாற்காலியில் உட்கார்ந்து, சேலையை லேசாக ஒதுக்கி, காலைத் தூக்கி எஸ்.ஐ.க்கு நேராகக் காட்டினாள்.

"எதுக்குன்னு கேட்டீகள்ல? இந்தா, இதுக்கு. செருப்பு உரசினா தீப்பொறி வரும்னு ஷெட்டுக்குள்ள போட விடமாட்டாக. விடிஞ்சதுல இருந்து வெறுங்காலு. பாளம் பாளமா இருக்கு பாருங்க சார்."

இருபத்திரண்டு வருடம் அந்தக் காலைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஊரில் எல்லோருடைய குதிகாலையும் விசாரித்தேன், வீட்டில் விசாரிக்கவில்லை. போலீஸ் வந்ததைவிட அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

அம்மா அங்கேயே ஒரு டியூப்பைப் பிரித்துப் பூசினாள். "சில்லுனு இருக்குடி" என்றாள் வேனைப் பார்த்து. வேனில் இருந்தவர்கள் மொத்தமாக இறங்கினார்கள். பின்னால் வந்த வேனும் நின்றது. சட்டப்படி நாற்பது பெட்டியையும் சோதிக்க வேண்டும் என்று போலீஸ்காரர் பிரிக்கப் பிரிக்க, காதர் அண்ணன் ரோட்டிலேயே பில் போட்டார். எஸ்.ஐ. தன் வீட்டுக்கு நான்கு டியூப் வாங்கினார். பின்னால் நின்ற வேனிலிருந்து இறங்கிய ஒரு ஃபோர்மேன், "எங்க ஆளுகளுக்கு போனஸோட குடுக்கலாம், ஆறு கேஸு எடுத்து வைங்க" என்றார். கேஸ் என்ற சொல் காதில் தேனாக இறங்கியது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை ஏரியா மேனேஜர் வந்தபோது கடைக்குள் நுழைய முடியவில்லை. "வரிசையில வாங்கண்ணே, நாங்க மனுசரில்லையா?" என்று ஒரு அக்கா அவரைப் பின்னால் அனுப்பிவிட்டார். அரை மணி நேரம் நின்று உள்ளே வந்தவர் கேட்டது மொத்தம் ஒரு கேள்வி. மிச்சம் எத்தனை? ஒன்பது கேஸ் என்றேன். அங்கேயே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். திங்கட்கிழமை வீடியோ கூட்டத்தில் மற்ற கிளைக்காரர்கள், எப்படிக் கூட்டம் சேர்த்தீர்கள் என்று கேட்டார்கள். காதர் அண்ணன் முகம் மாறாமல், "போலீஸ வரச் சொன்னோம் சார்" என்றார். இன்று அந்தக் கிளைக்கு மேனேஜர் நான்.

போன வருடம் எனக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் அச்சங்குளத்திலிருந்து வேனில் வந்து, சீர்வரிசையைப் பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"சம்மந்தி, தப்பா நெனைக்காதீக. எங்கூட்ல ஒரு வழக்கம் உண்டு. பெட்டியத் தொறந்து காட்டிட்டுத்தான் உள்ள வரணும்."

எங்கள் பக்கம் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா மட்டும், பாவம், நிஜமாகவே குனிந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.