மொரேனாவுக்கு வந்த நெகடிவ்

பாசமும் மரியாதையும் நிறைந்த இவானா அக்காவுக்கு, பதுவாவிலிருந்து தம்பி எல்வியோ இரு கன்னத்திலும் முத்தமிட்டு எழுதுவது. நான் சுகம். கியோஜ்ஜாவின் ஈரக்காற்றில் உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? காணாமல் போனதையெல்லாம் தேடித்தரும் எங்கள் புனித அந்தோனியார், என் புத்தியை மட்டும் இன்னும் தேடித்தரவில்லை.

நிற்க. என் பேரக்குழந்தைக்கென்று நீ பின்னுகிற மஞ்சள் தொப்பியை உடனே நிறுத்து. போன ஞாயிறு கருவாட்டுக் குழம்பு பரிமாறிக்கொண்டிருந்தேன், மகள் மொரேனாவுக்கு ஃபோன் வந்தது, "நெகடிவ் வந்துடுச்சு!"ன்னு கத்தினா பாரு, மாப்பிள்ளை ருஜ்ஜேரோ அவளைத் தூக்கித் தட்டாமாலை சுத்தறார், எனக்கு வயிறு எரிஞ்சுது. "பிள்ளை இல்லேன்னு தெரிஞ்சா இப்படியாடி குதிப்பீங்க?"ன்னு கரண்டியை வீசிட்டேன். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. "ஐயோ அப்பா, அது ஹைட்ரஜன்! எங்க ஆராய்ச்சிக்கூடத்து மிஷின்ல!"

ஹைட்ரஜன் மேல கூடுதலா ஒரு எலெக்ட்ரானை ஒட்டணுமாம், அதுதான் நெகடிவ். அதுக்கு ஒரு அடுப்பு. நாற்பது வருஷம் ரொட்டி சுட்டவன் நான், அடுப்புன்னதும் நிமிர்ந்து உக்காந்தேன். அதுல சீசியம்னு ஒரு உலோகத்தை ஆவியாக்கி மிஷினோட உள்சுவத்துல பூசறாங்க. தட்டுல வெண்ணெய் தடவினா கேக் லேசா கழண்டு வருமே, அப்படிச் சுவர் எலெக்ட்ரானைக் கொடுத்துடுமாம். அப்புறம் மின்சாரத்தால வேகமா ஓடவிட்டு, ஒட்டினதைத் தட்டி விட்டுடுவாங்களாம்! "தட்டறதுக்கு ஏன்டி ஒட்டறே?"ன்னேன். "ஒட்டினாத்தான் ஓடும், தட்டினாத்தான் காந்த வேலியைத் தாண்டி உள்ளே போய், சூரியன் மாதிரி எரியவேண்டிய வாயுவைச் சூடாக்கும் அப்பா." "பாசிடிவ்ல செய்யேன்." "அந்த வேகத்துல பாசிடிவ் எங்களுக்கு உதவாது"ன்னுட்டா. எனக்குத் தலை சுத்துது அக்கா.

இத்தனை கொண்டாட்டத்திலும் மொரேனா ஒரு வாய் ஒயின் தொடவில்லை, கருவாட்டு வாசனைக்கே முகத்தைச் சுளித்தாள். பாவம், களைப்பு. ஆக, பிள்ளையும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கு அழுகையாக வருகிறது. தாத்தா ஆகும் யோகம் எனக்கில்லை. தொப்பியை யாருக்காவது கொடுத்துவிடு.

உனக்கும் உன் முட்டிக்கும் அந்தோனியார் துணை நிற்கட்டும்.

உன் தம்பி,
எல்வியோ

பி.கு.: மொரேனா இப்பத்தான் வந்தா, தோளுக்கு மேல எட்டிப் பாத்து இதை முழுசாப் படிச்சா. "அப்பா, நெகடிவ் மிஷினுக்கு. நான் பாசிடிவ்"ங்கறா! அக்கா, பாசிடிவ் உதவாதுன்னு மேல எழுதினதை அடிச்சுடு. தொப்பியை யாருக்கும் கொடுத்துடாதே, சீக்கிரம் பின்னி முடி!