மியூசியக்காரரின் குடை

சொந்தமாக நல்ல குடை வைத்துக்கொண்டே ஆயுசு முழுக்க மழையில் நனைந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் மியூசியக்காரர்.

அறுபதுகளில் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கிளார்க். அவர் அங்கே மெஷின் ஃபிட்டர். பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலில் தன் வீட்டு முன்னறையை மியூசியமாக்கிவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு சமையற்கட்டுக்குக் குடிபோய்விட்டார். ராஜா வாளெல்லாம் அங்கே கிடையாது. சுற்றுவட்டார ஜனங்கள் புழங்கித் தேய்ந்த சாமான்கள்தான். ஒவ்வொன்றின் கீழும் பனியன் பெட்டி அட்டையில் யாருடையது, என்ன ஆயிற்று என்று எழுதி வைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், கடைசிச் சாமான் வரை பார்க்காமல் யாரையும் வெளியே விடமாட்டார். பொங்கலூருக்கு வழி கேட்க வந்த ஒருவர் முழுவதையும் பார்த்துவிட்டு பஸ்ஸைக் கோட்டைவிட்டார்.

ஒருமுறை வளைந்த ஊசி ஒன்றைக் காட்டி, "இது பெருமாநல்லூர் ரங்கசாமி வெரல்ல ஏறுன ஊசிங்க. மனுசன் மயக்கம் போட்டு உளுந்துட்டாரு," என்றார்.

கூட்டத்தில் ஒருவர் விரலை நீட்டினார். "அந்த ரங்கசாமி நான்தானுங்க."

"இருக்கட்டுமுங்க. கண்ணாடியத் தொடாதீங்க."

அவருக்கு ஒரே சட்டம்: உள்ளே வந்த பொருள் வெளியே போகாது. காலியாகக் கிடந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் தன் குடையையே உள்ளே வைத்துவிட்டார். மறுநாள் நல்ல மழை. சொட்டச் சொட்ட வேலைக்கு வந்தவரிடம், "ஏனுங்கண்ணா, குடை எங்கீங்க?" என்றேன்.

"உள்ள வெச்சுட்டனே தம்பி," என்றார், துக்கம் சொல்கிற குரலில்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் சரஸு வந்து நின்றாள்.

அவள் புருஷன் மாரப்பன் எங்கள் கம்பெனியில் துணி வெளுக்கிற இடத்தில் இருந்தவன். காய்ச்சலில் போய்விட்டான். காலையில் வருகிறவர்கள் தங்கள் நம்பர் போட்ட தகர டோக்கனைப் பலகை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்; சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப்போய்விடுவார்கள். மாரப்பனுடையது நாற்பத்தொன்று. வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை என்று சரஸுவே அதை மியூசியத்துக்குக் கொடுத்திருந்தாள்.

"அவரு எடத்துல நாளைக்கு நான் வேலைக்குச் சேர்றனுங்க சாமி. புது டோக்கன் தர்றமுன்னாங்க. எனக்கு அவரோடதுதான் வேணுமுங்க. அதக் கையில புடிச்சுட்டுப் போனா பயமிருக்காதுங்க."

நான் பக்கத்தில் நின்றிருந்தேன். தன் குடையையே தனக்குக் கொடுத்துக்கொள்ளாத மனிதர், இதையா கொடுக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். பெட்டியைத் திறந்து, டோக்கனைத் துண்டால் துடைத்து அவள் கையில் வைத்தார்.

"தெகிரியமாப் போயிட்டு வா அம்மிணி."

அவள் போனபின் ஓர் அட்டையை எடுத்து, வெகுநேரம் யோசித்து எழுதி, காலியான இடத்தில் வைத்தார். "மாரப்பன் டோக்கன். வேலைக்குப் போயிருக்கிறது."

பிறகு வந்தவர்களையெல்லாம் அந்த வெற்றிடத்தின் முன்னால்தான் அதிக நேரம் நிறுத்தினார். ஒருவரும் சிரித்து நான் பார்க்கவில்லை.

தன் குடையை மட்டும் அவர் எடுத்துக்கொள்ளவே இல்லை. மனம் கேட்காமல் நான் ஒரு புதுக்குடை வாங்கிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு போனால், பழைய குடைக்குப் பக்கத்தில் அதுவும் படுத்திருந்தது. கீழே அட்டையில், "சிநேகிதர் கொடுத்தது."

மறுநாள் மழையில் அவர் எனக்கு முன்னால் நனைந்தபடி கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார். என் குடையை மடக்கிக்கொண்டு நானும் அவரோடு சேர்ந்து நடந்தேன்.