பாவு பிடித்த சம்பந்தி

காஞ்சிபுரம்
11.2.1968

மகா கனம் பொருந்திய மச்சான் காசிநாதன் அவர்களுக்கு உங்கள் மைத்துனன் ராஜவேலு வணக்கத்துடன் வரைவது. கர்த்தர் கிருபையில் இங்கே நானும் என் குடும்பமும் ஆட்டுக்குட்டி உட்பட சுகம். அங்கே பெரம்பூரில் அக்காவும் உங்கள் முட்டிவலியும் எப்படி என்று தெரிவிக்கவும்.

நிற்க. பாட்டை விட்டால்தான் சம்பந்தம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்கிறார்கள், அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை மரியம்மாள் வாயைத் திறக்கக் கூடாது என்று உங்கள் பெண்ணை என்னிடம் அனுப்பினீர்கள். நானும் கண்டிப்பாகத்தான் இருந்தேன். ஆனால் மச்சான், எட்டு வருஷம் பியானோ பக்கத்தில் நிற்க வைத்து ஒரு வெள்ளைக்கார அம்மா பழக்கின சொப்ரானோ குரலை, பொம்பளைக் குரலிலேயே உச்சாணிக் குரலை, நான் எந்தப் பானையில போட்டு மூடுவேன்? சர்ச்சில பாடிச்சு. பெரிய ஓட்டல்ல பாடினப்போ ஸ்பூன் தூக்கின கை தூக்கினபடியே நின்னு, சூப்பு ஆறிப்போச்சு. சினிமாவுல பேய்க்குக் குரல் குடுத்துச்சு, பிஸ்கோத்து விளம்பரம் பாடிச்சு, சர்க்கஸ்ல பாடினப்போ சிங்கமே எழுந்து நின்னுச்சு, நானே பார்த்தேன். இப்போ பம்பாயில ஒரு இசைக்குழு கூப்பிடுது. அந்தக் குரலைப் பூட்டி வச்சுக்கினு பாவம் இங்க கீரை ஆய்ஞ்சுக்கினு இருந்துச்சு.

இன்னைக்கு விடிஞ்சும் விடியாம மாப்பிள்ளையோட அப்பா அப்பாதுரை சொல்லாமக்கொள்ளாம வாலாஜாபாத்திலேர்ந்து முதல் பஸ்ஸுல வந்துட்டார். எங்க தெருவுல அப்போ நெசவுக்காரர் சிட்டிபாபு தறியில ஏத்தறதுக்குப் பாவு விரிச்சுக்கினு இருந்தார். தெரு நீளத்துக்கும் பட்டு இழை, ரெண்டு முனையிலும் ஆளுங்க கோலை இழுத்துப் புடிச்சுக்கினு. ஒரு ஆள் குறைச்சல். "யோவ் பெரியவரே, சும்மா நிக்கிறியே, இதைப் புடி! விட்டா மூணு புடவை போச்சு!"ன்னு சம்பந்தி கையில கோலைக் குடுத்துட்டார். அந்த நேரம் பார்த்து மரியம்மாள், நான் தூங்கறேன்னு நெனச்சு, பின்கட்டுல பாட ஆரம்பிச்சுடுச்சு.

மச்சான், எப்படிச் சொல்வேன்! பாஷை புரியல. குரல் கூரை மேல ஏறி, கோபுரத்துக்கும் மேல ஏறி, இனிமே எடமில்லன்னு நாம நெனைக்கிற எடத்துல நின்னு மெதுவாத் திரும்பிப் பார்த்துச்சு. வீடு வீடாத் தறிச் சத்தம் அடங்கிச்சு. பால்காரன் சாய்ச்ச படி சாய்ச்சபடியே, செம்பு நெறைஞ்சு வழியுது. வெயில் ஏறுது, பாவைச் சுருட்டணும், யாரும் சுருட்டல. கை கடுக்குது, ஒருத்தனும் கோலை விடல. அப்பாதுரைக்குக் கண்ணுல தண்ணி. தொடைக்கக் கை இல்ல.

"ஏம்பா ராஜவேலு, யாருப்பா அது?"ன்னார் சிட்டிபாபு.

"என் அக்கா பொண்ணு. நான் பழக்கினது"ன்னேன்.

பாட்டு முடிஞ்சதும் அப்பாதுரை கோலைக் குடுத்துட்டு, முகத்தைத் திருப்பிக்கினு திண்ணையில போய் உக்காந்துட்டார். சம்பந்தம் போச்சு. போகட்டும் மச்சான், இந்தக் குரலைச் சமையல்கட்டுல அடைச்சா கர்த்தர் என்னைத்தான் கேப்பார். பொண்ணைப் பம்பாய்க்கு அனுப்ப உத்தரவு குடுங்க.

அக்காவுக்கு என் ஸ்தோத்திரம். உங்கள் முட்டிக்கு என் ஜெபம்.

இப்படிக்கு,
ராஜவேலு

பி.கு.: சம்பந்தம் போச்சு என்று எழுதியதை அடித்துவிடவும். சிங்கத்தையும் அடிக்கச் சொல்லுது மரியம்மாள்; அது சர்க்கஸே இல்லையாம், பொருட்காட்சியாம், கிளியாம். அப்பாதுரை இன்னும் ஊருக்குப் போகல. இப்போ பாட்டை விட்டா சம்பந்தம் கிடையாதாம், பம்பாய்க்கும் சரியாம். ஆனா இப்போ பொண்ணு நிபந்தனை போடுது: மாப்பிள்ளை வந்து பாட்டு முடியறவரைக்கும் பாவுக் கோலை விடாம நிக்கணுமாம். நாளைக்குக் காலையில பையன் வரான். என் ரத்தம், விடமாட்டான்ங்கிறார் அப்பாதுரை. சொல்லிக்கினே ரெண்டு கையிலும் எண்ணெய் போட்டுத் தேய்ச்சுக்கினு இருக்கார்.