பக்கத்தூராரும் திருச்சி ஏரோப்ளேனும்

உலகத்தில் தூரம் என்று ஒன்று இருப்பதையே ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் பக்கத்தூரார்தான். பூதப்பாண்டியில் கல்யாணத் தரகர். மாப்பிள்ளை அஞ்சுகிராமத்தில் இருந்தாலும் சரி, இலங்கையில் இருந்தாலும் சரி, "பக்கத்தூருதான்" என்பார். பேரும் அதுவே ஆகிவிட்டது. 'ஒரு வெற்றிலை மெல்லும் தூரம்' என்று அவர் சொன்னதை நம்பிப் பெண் பார்க்க நடந்த ஒரு கூட்டம், கொண்டுபோன வெற்றிலைக் கட்டு முழுவதையும் தின்று தீர்த்தும் ஊர் வந்து சேரவில்லை.

எனக்கு அவர் கொண்டுவந்த மாப்பிள்ளைக்குத் திருச்சியில் ரயில்வே உத்தியோகம். நான் வீட்டுக்கு ஒரே பெண். அம்மா பாய்ந்துவிட்டாள்.

"திருச்சியா? பெத்த மவளக் கண்ணால பாக்காண்டாமா அண்ணாச்சி?"

திருவனந்தபுரத்திலிருந்து திருச்சிக்கு ஏரோப்ளேன் விட்ட புதிது. பக்கத்தூராருக்குக் கேட்கவா வேண்டும்?

"ஏரோப்ளேன் இருக்குல்லா தங்கச்சி! ஏறி இருந்து ஒரு வெத்தில போட்டா, சாறு ஊறதுக்குள்ள திருச்சி."

"சாற எங்க துப்புவீரு?"

"கீழதான். மதுரக்காரனுவ மழைன்னு நெனச்சுக்கிடுவானுவ."

அம்மா நேரில் பார்க்காமல் எதையும் நம்பமாட்டாள். பக்கத்தூரார் அம்மாவையும் அப்பாவையும் என்னையும் பஸ்ஸில் ஏற்றித் திருவனந்தபுரம் கூட்டிப்போனார். வழி நெடுக அம்மாவுக்கு வாந்தி. ஏரோப்ளேன் மைதானத்துக்குப் போனபோது உச்சி வெயில்.

"ஏரோப்ளேன் கிட்ட வரதுக்கே உயிரு போச்சு. இதுவா பக்கத்தூரு?" என்றாள் அம்மா.

அங்கிருந்த ஆபீசர், திருச்சிக்கு இரண்டு மணி நேரப் பயணம் என்றார். பக்கத்தூரார் முகத்தில் வெற்றிக்களை. ஆனால் தபால் மூட்டைகளுக்கு நடுவே ஒரே ஓர் ஆள்தான் உட்காரலாமாம். அந்த ஆளையும் சேனைக்கிழங்கு மாதிரி தராசில் நிறுத்துத்தான் ஏற்றுவார்களாம்.

மகள் வீட்டுக்கு வாழைக்குலை இல்லாமல் பொங்கல் சீர் கொண்டுபோவது எங்கள் பக்கம் நடக்காத காரியம். "கொல கொண்டு போணுமே?" என்றாள் அம்மா.

"கொல கேறணும்னா அம்மா எறங்கணும்" என்றார் ஆபீசர்.

பக்கத்தூரார் விடுவாரா? "அதுக்கென்ன? தங்கச்சி இங்கன இருக்கட்டும், கொல போட்டும்!"

"அப்போ எம்மவ கொலையப் பாத்தா அம்மான்னு கூப்பிடுவா?"

கேட்கும்போதே அம்மாவின் குரல் உடைந்துவிட்டது. பக்கத்தூரார் ஓரமாகப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"தங்கச்சி, தூரந்தான். ரொம்ப தூரம். ஆனா மாப்பிள்ளப் பய தங்கம். பொங்கலுக்கு உங்கள அங்க கொண்டு சேக்கது எம் பொறுப்பு."

அவர் வாயால் தூரம் என்ற வார்த்தையை ஊரில் யாரும் கேட்டதில்லை. அதைக் கேட்ட பிறகுதான் அம்மா சம்மதித்தாள்.

கல்யாணம் முடிந்து முதல் பொங்கல். திருச்சியில் வாசலில் சத்தம் கேட்டு ஓடினேன். பஸ்ஸும் ரயிலும் வண்டியுமாக ஏறி இறங்கிக் கசங்கிப்போன அம்மா. அவளுக்குப் பின்னால் அப்பா. கடைசியாக, தலையில் மட்டி வாழைக்குலையோடு, பயணத்தில் வீங்கிய காலை இழுத்துக்கொண்டு பக்கத்தூரார்.

"மோளே, சொகமா?" என்றார்.

அம்மாவைக் கட்டிக்கொண்டு அழவேண்டிய நான், அவர் காலைப் பார்த்துத்தான் அழுதேன்.